ஒரே மார்க், மூன்று கட்-ஆஃப்
கல்லூரிச் சேர்க்கை: வாசகர் கேள்வி – பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கொங்கு மாவட்டங்களின் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்வி பல விதமாக வருகிறது: எங்கள் பிள்ளைக்குக் கிடைத்தது நியாயமான இடம்தானா? அதைப் பேச வேண்டுமானால் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

பையன் பயாலஜி குரூப்புங்க. கணக்கு 74, இயற்பியல் 80, வேதியியல் 90, உயிரியல் 96. கட்-ஆஃப் 181னு வாத்தியார் சொல்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 170ங்கறார். கம்ப்யூட்டர் சென்டர்ல 159னு எழுதிக் குடுத்துட்டாங்க. எதுங்க சரி?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

மூன்றும் சரி. சேர்க்கைக்காகப் பாட மார்க்குகளை 200-க்குச் சுருக்கிக் கூட்டுவதுதான் கட்-ஆஃப். மூன்று படிப்புகளுக்கான மூன்று கணக்கு அவை.

பொறியியலுக்குக் கணக்கு மார்க்கை முழுதாக எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிச் சேர்ப்பார்கள்: 74 + 40 + 45 = 159. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும்: 96 + 40 + 45 = 181. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. அக்ரிக்கு நான்கு பாடங்களும் தலா 50: 37 + 40 + 45 + 48 = 170. எல்லாமே 200-க்குத்தான் என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடத் தோன்றும். ஒப்பிடக் கூடாது. போன வருடம் வேளாண்மையில் 170-க்கு எந்த இடம் கிடைத்தது என்பதை வைத்துப் பொறியியலில் 170-க்கு என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் பையனின் பலம் உயிரியலில் இருக்கிறது. அந்தப் பலத்தை முழுதாகக் கணக்கில் எடுக்கும் படிப்பு கால்நடை மருத்துவம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க் போதும். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கல்லூரி இருக்கிறது. பொறியியலுக்கு மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் தனி, கடைசித் தேதியும் தனி.

என் மகளுக்கு மூணு பாடத்துலயும் சேர்த்து 283. அவ சிநேகிதிக்கு 279. கட்-ஆஃப் ரெண்டு பேருக்கும் 187.5. ஆனா ரேங்க் லிஸ்ட்ல சிநேகிதிதான் முன்னால இருக்கா. இதுல ஏதாச்சும் தப்பு நடந்திருக்குமுங்களா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

தப்பு எதுவும் இல்லை. நீங்கள் அனுப்பிய மார்க் விவரம் இது: உங்கள் மகள் கணக்கு 92, இயற்பியல் 95, வேதியியல் 96. தோழி கணக்கு 96, இயற்பியல் 90, வேதியியல் 93. பொறியியலுக்கு இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டினால் இருவருக்கும் 187.5. கட்-ஆஃப் சமமாகும்போது முதலில் கணக்கு மார்க்கைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதில் தோழி நான்கு மார்க் கூட. கணக்கும் சமமாக இருந்தால் அடுத்து இயற்பியல், பிறகு மற்ற மார்க்குகள். எல்லாமே சமமானால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றானால்தான் கம்ப்யூட்டர் குலுக்கித் தரும் ரேண்டம் எண். அதில் பெரிய எண்ணுக்கு முன்னிடம்.

இவ்வளவு படி எதற்கு என்று கேட்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் மார்க் முழு எண்ணாகத்தான் வரும். அதைப் பாதியாக்கினால் கட்-ஆஃப் அரை அரையாகத்தான் ஏறும். 0 முதல் 200 வரை அப்படி மொத்தமே 401 படிதான் உண்டு. அந்த 401 படியில் சுமார் இரண்டு லட்சம் பிள்ளைகளை நிறுத்த வேண்டியிருக்கிறது. பல படிகளில் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். 187.5-க்கும் 187-க்கும் இடையில் பல நூறு ரேங்க் போவது இதனால்தான். அரை மார்க்கில் ஒரு பிள்ளையின் திறமை மாறிவிடுவதில்லை. இருக்கும் இடங்களைப் பிரித்துக் கொடுக்க எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் திறமைசாலி, இந்தப் பக்கம் நிற்பவர் மட்டம் என்று வீட்டில் பேசாதீர்கள்.

நாங்க பி.சி. பொண்ணுக்கு ஓ.சி. இடத்துல சீட் வந்திருக்கு. நாளைக்கு இது பிரச்சினை ஆகுமுங்களா?
– ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு

ஆகாது. ஓ.சி. என்பது பொதுப்போட்டி. எந்தச் சாதிக்கும் எழுதிவைத்த இடம் இல்லை. 31 சதவீத இடங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ரேங்க் வரிசையில் போட்டியிடலாம். மீதி 69 சதவீதம் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. உங்கள் மகள் பொதுப்போட்டியில் வந்ததால் பி.சி.யில் ஓர் இடம் இன்னொரு பிள்ளைக்கு மிச்சமாகிறது.

என் மகன் சிபிஎஸ்இ. அங்க மார்க் போடறதே கஷ்டம். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளோட ஒரே லிஸ்ட்ல வெக்கறது எப்படிங்க நியாயம்? ஏதோ சமன் பண்றாங்கன்னு சொல்றாங்க, அது என்ன?
– பனியன் கம்பெனி நடத்துபவர், திருப்பூர்

முதலில் இந்த ஏற்பாடு வந்த கதை. தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூவில் 200, நுழைவுத்தேர்வில் 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். பயிற்சி மையம் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கே அது சாதகமாகிறது என்பதால், மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006-ல் இயற்றிய சட்டத்தால் நீக்கினார்கள். பொதுவான தேர்வு ஒன்று இல்லாமல் போனதும், வெவ்வேறு போர்டு மார்க்கை எப்படி ஒரே வரிசையில் வைப்பது என்ற கேள்வி வந்தது. அதே சட்டம் அதற்கு ஒரு வழியும் சொன்னது.

அந்த வழி இதுதான்: ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு போர்டின் முதல் மார்க்கை, அதாவது அங்கே யாராவது வாங்கிய அதிகபட்ச மார்க்கை எடுத்து, அதை மாநிலப் போர்டின் முதல் மார்க்குக்குச் சமம் என்று வைப்பார்கள். சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. இயற்பியலில் மாநிலப் போர்டின் முதல் மார்க் 100, இன்னொரு போர்டில் 90 என்றால், அந்தப் போர்டில் 60 வாங்கியவருக்கு 60-ஐ 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி, 66.66 என்று கணக்கில் கொள்வார்கள்.

இதன் ஓட்டை எங்கே என்றால், எல்லாமே முதல் மார்க் என்ற ஒற்றைப் புள்ளியைப் பிடித்துத் தொங்குகிறது. இரண்டு போர்டிலும் யாராவது ஒரு பிள்ளை 100 வாங்கிவிட்டால் போதும், பெருக்கும் எண் 1 ஆகிவிடும். சமன் செய்வதாகப் பெயர் இருக்குமே தவிர மார்க்கில் ஒரு புள்ளிகூட மாறாது. நடுவில் நிற்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மார்க் தாராளமாக விழுந்ததா, இறுக்கமாக விழுந்ததா என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. உங்கள் குறை அந்த அளவில் நியாயமானது.

மாற்றாகச் சொல்லப்படுவது பர்சன்டைல் முறை: தன் போர்டில் நூற்றில் எத்தனை பேருக்கு மேலே நிற்கிறார் என்று பார்த்து, அதை வைத்து வரிசைப்படுத்துவது. நடுவில் இருப்பவர்களுக்கு இது மேலானது. ஆனால் இரண்டு போர்டிலும் படிக்கும் பிள்ளைகள் மொத்தத்தில் ஒரே தரம் என்று நம்பினால்தான் இது செல்லும். கட்டணம் கட்டி சிபிஎஸ்இ-யில் சேர்க்கும் வசதி உள்ள வீடுகள் ஒரு பக்கம், மலையிலும் கிராமத்திலும் ஒரே பள்ளிதான் என்று இருக்கும் வீடுகள் இன்னொரு பக்கம். அந்த நம்பிக்கையும் முழுக்க நிற்காது. எங்கள் கருத்தில் முதல் மார்க் முறையை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது இரண்டாவது சிக்கலையும் மறைக்காமல் பேச வேண்டும்.

நாடு முழுக்க ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், கம்ப்யூட்டர் திருத்துது. நீட்டை விட நியாயமான தேர்வு உண்டுங்களா? பிளஸ் டூ மார்க்குல சேர்த்தப்ப மட்டும் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ராசிபுரம்

உங்கள் இரண்டாவது கேள்வி முக்கியமானது, அதிலிருந்தே தொடங்குகிறோம். ஒழுங்காக இல்லை. உங்கள் ராசிபுரத்தையும் நாமக்கல், திருச்செங்கோட்டையும் சுற்றி எழுந்த உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை இரண்டு வருடம் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மார்க் வந்தது. கல்லூரியில் முதல் செமஸ்டர் கணக்கில் அதே பிள்ளைகள் திணறினார்கள். அந்த மார்க்கும் விலைக்கு வாங்கியதுதான். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியதும், 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததும் அந்தக் கேட்டை அடக்கத்தான்.

நீட் ஒரு நல்லதைச் செய்தது. தனியார், நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகள் பல தனித்தனியே தேர்வு வைத்துக்கொண்டிருந்த நிலை முடிந்தது. இதை மறுக்கக் கூடாது.

ஆனால் ஒரே கேள்வித்தாள் என்பது திருத்துவதில் மட்டும் சமத்துவம் தரும். எழுத உட்காரும் வரை நடந்தவற்றை அது சமன் செய்யாது. 180 கேள்வி, 180 நிமிடம். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்புவதும் அந்த ஒரு நிமிடத்துக்குள்தான். இயற்பியலின் 45 கேள்விகளில் கணக்குப் போட வேண்டியவை ஒரு நிமிடத்துக்குள் அடங்காது. அந்த நேரத்தை உயிரியலின் 90 கேள்விகளில் மிச்சம் பிடிக்க வேண்டும். சரியானால் 4, தவறானால் ஒன்று கழியும். எதைத் தொடுவது, எதை விடுவது என்ற முடிவு திரும்பத் திரும்ப மாதிரித் தேர்வு எழுதித்தான் கைக்கு வரும். அந்தப் பழக்கத்தைத்தான் பயிற்சி மையங்கள் விற்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளை மார்ச் கடைசியில் பொதுத்தேர்வை முடித்துவிட்டு மே முதல் வாரம் நீட் எழுதுகிறது. ஒரு வருடம், இரண்டு வருடம் வேறு வேலையே இல்லாமல் இதற்கே உட்கார்ந்த பிள்ளையும் அதே ஹாலில் எழுதுகிறது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு இடர். 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. கேள்விக்கு நான்கு வீதம் 196 மார்க் கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே செல்லும் என்பது விதி. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வினாத்தாள் இரு மொழியிலும் கிடைக்கும். பாடத்தின் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் படித்துவைக்கச் சொல்லுங்கள். தமிழ் வரி குழப்பினால் பக்கத்து ஆங்கில வரியைப் பார்த்துக்கொள்ளலாம்.

நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கைக்குப் பின் 2021-ல் சட்டமன்றம் நீட் விலக்கு மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்த செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. ஆக, நீட்டை வைத்துக்கொண்டே என்ன செய்ய முடியும் என்பதுதான் இன்றைய கேள்வி. அதற்கு ஒரு விடை கண்முன்னே இருக்கிறது. 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தவர்கள், அந்த ஒரே ஆண்டில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்துச் சுமார் 400 இடங்களுக்கு வந்தார்கள். தேர்வும் அதேதான், பள்ளிகளும் அவைதான். தங்களைப் போன்ற பள்ளிகளில் படித்தவர்களோடு ஒரே வரிசையில் நின்றார்கள், அவ்வளவுதான் மாற்றம். பிள்ளை எங்கிருந்து கிளம்பியது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் மார்க்தான் நம்பத்தக்க மார்க் என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம். நீட் மார்க்குக்கும் அது பொருந்தும், பிளஸ் டூ மார்க்குக்கும் பொருந்தும்.

தம்பிக்கு ஜேஇஇ மெயின்ல 92 வந்திருக்கு. நல்ல மார்க்தானுங்களே?
– ஒரு அக்கா, பெருந்துறை

அது மார்க் இல்லை, பர்சன்டைல். மொத்தம் 300 மார்க்குக்கான தேர்வு அது. தம்பி எழுதிய ஷிஃப்டில், அதாவது தேர்வு வேளையில், நூற்றுக்கு 92 பேர் அவருக்குச் சமமாகவோ கீழாகவோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வினாத்தாள் மாறுவதால் இப்படிப் போடுகிறார்கள். 10 லட்சம் பேர் எழுதினால் 92 பர்சன்டைலுக்கு முன்னால் 80,000 பேர் இருப்பார்கள். இந்த மார்க்கை வைத்துச் சேர்க்கும் மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளான என்.ஐ.டி.யில் கேட்ட பிரிவு கிடைப்பது கடினம். ஜனவரி, ஏப்ரல் இரண்டிலும் எழுதினால் எது கூடவோ அதையே எடுத்துக்கொள்வார்கள். பொறியியல் கவுன்சலிங் விண்ணப்பத்தை இதற்காக நிறுத்திவைக்க வேண்டாம்.

நீட் தகுதிக்கான 50 பர்சன்டைலும் இப்படித்தான். அது பாதி மார்க் இல்லை. பொதுப்பிரிவில் 2023-ல் அது 720-க்கு 137, 2025-ல் 144. தகுதி பெற்றாலே சீட் வந்துவிடும் என்று பணம் கேட்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

எங்க பொண்ணு ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளிங்க. நாங்க மலையாளி சனம். கொல்லிமலைல இருக்கற எங்க சொந்தக்காரங்க புள்ளைக்கு எஸ்.டி. சர்டிபிகேட் குடுக்கறாங்க. எங்களுக்கு இல்லைங்கறாங்க. ஒரே சனத்துக்கு ரெண்டு நியாயமுங்களா?
– பர்கூர் மலை, அந்தியூர் வட்டம்

இது நியாயமில்லை. எஸ்.டி. பட்டியலில் மலையாளி மக்களின் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் பழங்குடியினர்) பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அதில் சேலம் உண்டு, கோவை இல்லை. நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்ததால் கொல்லிமலைக்கு உரிமை கிடைத்தது. ஈரோடு 1979-ல் கோவையிலிருந்து பிரிந்ததால் பர்கூருக்குக் கிடைக்கவில்லை. மாவட்ட எல்லை ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கிறது. இதை மாற்ற நாடாளுமன்றத்தால்தான் முடியும். தாசில்தாருக்கோ கலெக்டருக்கோ அந்த அதிகாரம் இல்லை. சொந்தக்காரர் ஊர் முகவரியில் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். பின்னால் சரிபார்ப்பில் சிக்கினால் படிப்பே போய்விடும்.

இப்போது கையில் இருப்பது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவத்துக்கும் அது உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளியும், ஆதிதிராவிடர் நல, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் சேர்த்தி. அரசு உதவி பெறும் பள்ளி சேராது, பலர் தவறுவது இங்கேதான். நடுவில் ஒரு வருடம் உதவி பெறும் பள்ளியில் இருந்தாலும் போயிற்று. வகுப்புவாரியாக எந்தப் பள்ளி என்ற விவரம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் மாணவர் பதிவிலும் படிப்புச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் இப்போதே பாருங்கள். பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் வாங்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொது வரிசையில் வாங்கினால் அந்தச் சலுகை வராது, எனவே இரண்டிலும் இடம் வந்தால் யோசித்து எடுங்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றுக்கும் இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் பெண் ஒரு கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

சாய்ஸ் ஃபில்லிங்ல பெரிய காலேஜை மேல போட்டா, கிடைக்காமப் போயிக் கீழ இருக்கறதும் போயிருமுன்னு சொல்றாங்க. நெசமுங்களா?
– விசைத்தறித் தொழிலாளி, பல்லடம்

இல்லை. பொறியியல் கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் உங்கள் ரேங்க் வந்ததும், விரும்பும் கல்லூரிகளை வரிசையாக நீங்கள் போட்ட பட்டியலை மேலிருந்து படிக்கும். முதல் சாய்ஸில் இடம் இல்லை என்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. பத்தாவதாகப் போட்ட கல்லூரியில் உங்கள் ரேங்க்குக்கு இடம் இருந்தால், மேலே ஒன்பது கல்லூரி கிடைக்காமல் போனதால் அது கைவிட்டுப் போகாது. ஆகவே உண்மையில் பிடித்த வரிசையிலேயே போடுங்கள். கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே போட்டால்தான் நஷ்டம்: அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே இருக்கும் நல்லதைக் கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது.

கெடுவது வேறு இடங்களில். ஒரே மாதிரிப் பெயரில் கல்லூரிகள் இருக்கின்றன, பெயரைப் பார்க்காமல் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். சில அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு முறை வரும். எஸ்.எஸ். என்று இருப்பது சுயநிதி, கட்டணம் கூட. பத்து சாய்ஸோடு நிறுத்தி, எதுவும் கிடைக்காமல் நிற்பவர்கள் உண்டு. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பதால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் சேர விருப்பமே இல்லாததைப் போடாதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்ய வேண்டும். அப்படியே ஏற்கலாம். ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பதற்காகக் காத்திருக்கலாம். வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்கும் போகலாம். மேலே உள்ளது கிடைத்தால் பழைய இடம் தானாக இன்னொருவருக்குப் போய்விடும், பிறகு திரும்பக் கேட்க முடியாது. குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டாலும், பணம் கட்டிச் சேராவிட்டாலும் இடம் ரத்தாகும். தறி ஓட்டிவிட்டு ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், ஓ.டி.பி. வரும் செல்போனை அந்த நாட்களில் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

வேதியியல்ல எதிர்பார்த்ததை விட எட்டு மார்க் கம்மி. கணக்குலயும் மூணு மார்க் குறையுது. ரீவேல்யுவேஷன் போடலாமுங்களா?
– பிளஸ் டூ மாணவி, தாராபுரம்

முதலில் விடைத்தாள் நகல் வாங்கு, கண்ணு. நகல் வாங்கியவர்களுக்குத்தான் மறுமதிப்பீடு கேட்கும் உரிமை. நகலை உன் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து விடைக்குறிப்பை வைத்துப் பார். கூட்டல் தவறு மட்டும் என்றால் மறுகூட்டல் போதும். திருத்தாமல் விட்ட விடையோ, சரியான படிக்கு மார்க் போடாததோ இருந்தால் மறுமதிப்பீடு. அதில் மார்க் குறையவும் வாய்ப்பு உண்டு என்பதால், ஆசிரியர் குறிப்பிட்ட விடையைச் சுட்டிக்காட்டிச் சொன்னால் மட்டும் போடு.

இரண்டு பாடத்துக்கும் செலவு செய்ய முடியாவிட்டால் இப்படிப் பார்: பொறியியலுக்கு வேதியியலின் எட்டு மார்க் கட்-ஆஃபில் நான்கு. கணக்கின் மூன்று அப்படியே மூன்று. எட்டும் திரும்பக் கிடைப்பது அபூர்வம். கணக்கில் படிக்குப் படி மார்க் என்பதால் விட்டுப்போனதைக் காட்டுவது எளிது. கால்நடை மருத்துவம் கேட்பதானால் கணக்கு மார்க் சேரவே சேராது, வேதியியலுக்கு மட்டும் போடு. மாறிய மார்க் வந்ததும் காத்திருக்காமல் சேர்க்கை உதவி மையத்தில் கொண்டுபோய்க் காட்டி, உன் விண்ணப்பத்தில் புது மார்க் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா.